கார்ல் சேகன் மீதான பழைய வழக்கு

கார்ல் சேகன் பெயரை எடுத்தால் இரண்டு விதமான பேச்சு வரும். இயற்பியல் படித்தவர்கள் கூடும் இடத்தில், "மனுஷன் நல்லாப் பேசுவார், பிரமாதமா எழுதுவார். ஆனா விஞ்ஞானின்னு சொல்ல முடியுமா?" என்று ஓர் இழுப்பு. வாசகர் வட்டங்களிலோ அவர் கவிஞர், ஞானி, பிரபஞ்சத்தின் தூதர். அவருடைய வாக்கியம் ஒன்றை நட்சத்திரப் படத்தின் மேல் ஒட்டிக் குழுவில் போட்டுவிட்டால் அன்றைய காலை வணக்கம் முடிந்தது.

ஒன்று எள்ளல், மற்றது பக்தி. எதிரெதிர்க் கட்சிகள் போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே எண்ணத்தில்தான் காலூன்றி நிற்கின்றன: ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு யாரோ, சேகன் அதை அழகாக எடுத்துச் சொன்னவர். இந்த எண்ணம் தவறு. ஆண்டுக் கணக்கை எடுத்தாலும் தவறு, ஆய்வுக் கணக்கை எடுத்தாலும் தவறு.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இப்படிப் போகும். நியூயார்க்கின் புரூக்ளினில் 1934இல் பிறந்த கெட்டிக்காரப் பையன். சிகாகோவில் முனைவர் பட்டம். நல்ல தொடக்கம். பிறகு கேமரா வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. ஆய்வகத்தை விட்டுவிட்டு ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்தார். 'காஸ்மோஸ்' தொடர் வந்தது, புகழ் வந்தது, ஆராய்ச்சி போனது. அடுத்து அரசியலில் மூக்கை நுழைத்து அணுக்குளிர்காலம் என்று பூச்சாண்டி காட்டினார். குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது அவர் சொன்னது பொய்த்தது. அறிவுள்ள சகாக்கள் அவரை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தில் சேர்க்க மறுத்தார்கள். கதை முடிந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. புகழுக்கு ஆசைப்பட்டவன் கெட்டான் என்று முடியும் எந்தக் கதையும் நமக்குப் பிடிக்கும். இந்தக் கதையில் உள்ள சிக்கல், அதன் ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதே.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் சேகனுக்கு நிரந்தரப் பணி தர மறுத்தது 1968இல். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹெரால்டு யூரி அவருக்கு எதிராகக் கடிதம் எழுதியிருந்தார்: ஆள் பல துறைகளில் கைவைக்கிறார், அளவுக்கு மீறி எழுதுகிறார் என்பது சாரம். கார்சன் நிகழ்ச்சியில் சேகன் முதன்முதலாகத் தோன்றியது 1973இல். 'காஸ்மோஸ்' ஒளிபரப்பானது 1980இல். ஆக, "மேம்போக்கானவர்" என்ற முத்திரை குத்தப்பட்டபோது அவர் தொலைக்காட்சி நட்சத்திரமே அல்ல. ரஷ்ய வானியலாளர் ஷ்க்லோவ்ஸ்கியோடு சேர்ந்து வேற்றுலக உயிர்கள் பற்றி 1966இல் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டிருந்தார், அவ்வளவுதான். குற்றம் நடப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சாட்சியங்களைப் பிறகு தேடிக்கொண்டார்கள். யூரியே பின்னாளில் தாம் எழுதியது நியாயமில்லை என்று சேகனிடம் மன்னிப்புக் கேட்டார் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் சொல்வதில்லை.

சரி, பல துறைகளில் கைவைத்தார் என்பதாவது உண்மையா? வெள்ளி, செவ்வாய், டைட்டன், ஆதிகாலப் பூமி, அணுப்போர் என்று பட்டியல் போட்டால் அப்படித்தான் தெரியும். நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே கேள்வி. ஒரு கோளின் காற்றில் வாயுவோ தூசியோ புகையோ கூடினால் கீழே தரையின் வெப்பம் என்ன ஆகும்? சேகன் சுமார் நாற்பது ஆண்டுகள் இந்த ஒரு கேள்வியைத்தான் இடம் மாற்றி இடம் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பிடிவாதமான ஆளை மேம்போக்கானவர் என்பது வேடிக்கை.

வெள்ளியிலிருந்து தொடங்கலாம். 1950களின் நடுவில் வெள்ளி என்றால் மேகத்தால் மூடிய ஒரு புதிர். சதுப்புக் காடு என்றார்கள், கடல் என்றார்கள், பாலைவனம் என்றார்கள். 1956இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் அங்கிருந்து வரும் நுண்ணலைகளை அளந்தபோது, சுமார் 600 கெல்வின் வெப்பமுள்ள ஏதோ ஒன்றிலிருந்து அவை வருகின்றன என்று தெரிந்தது. ஈயம் உருகும் சூடு. அந்த 'ஏதோ ஒன்று' எது என்பதில்தான் தகராறு. மேலே அயனி மண்டலத்தில் உள்ள எலெக்ட்ரான்களின் வேலை அது, தரை குளிர்ச்சியாகவே இருக்கலாம் என்றார்கள் ஒரு சாரார். 1960இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் சேகன் தரைதான் கொதிக்கிறது என்று வாதிட்டார். காரணம், கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சேர்ந்து வெப்பத்தைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கும் பசுமை இல்ல விளைவு. இந்த யோசனையை 1940இலேயே ரூபர்ட் வில்ட் தொட்டிருந்தார். கணக்குப் போட்டு முன்வைத்தவர் இந்த 25 வயது இளைஞர்.

தகராறைத் தீர்க்க எளிய வழி ஒன்று இருந்தது. கதிர்வீச்சு மேலே அயனி மண்டலத்திலிருந்து வருவதானால், கோளின் நடுப்பகுதியைவிட விளிம்பு பிரகாசமாகத் தெரியவேண்டும். விளிம்பில் அந்த அடுக்கைச் சாய்வாக, கூடுதல் தடிமனாகப் பார்க்கிறோம். தரையிலிருந்து வருவதானால் விளிம்பு மங்கவேண்டும். இடையிலுள்ள காற்று கூடுதலாக விழுங்கிவிடும். 1962 டிசம்பர் 14 அன்று மரினர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்துபோனபோது அதிலிருந்த கருவி பார்த்தது மங்கிய விளிம்பை. 1970இல் சோவியத்தின் வெனேரா 7 தரையிலேயே இறங்கி, சுமார் 475 டிகிரி செல்சியஸ் என்று செய்தி அனுப்பியது. சேகனின் முதல் கணக்கில் விவரப் பிழைகள் இருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தியதில் பெரும்பங்கு அவருடைய மாணவர் ஜேம்ஸ் போலக்குக்கு உண்டு. ஆனால் தரை கொதிக்கிறது, காரணம் காற்று என்ற அடிப்படை நின்றுவிட்டது.

அடுத்து செவ்வாய். செவ்வாயில் பருவந்தோறும் கருமைப் பகுதிகள் படர்ந்து சுருங்குவதைத் தொலைநோக்கிக்காரர்கள் வெகுகாலமாகப் பார்த்துவந்தார்கள். தாவரம் என்று நம்பியவர்கள் ஏராளம். வேற்றுலக உயிருக்காக ஏங்கியவர் என்று கேலி செய்யப்படும் சேகன் இதை இரு கை நீட்டி வரவேற்றிருக்க வேண்டும் அல்லவா? அவரும் போலக்கும் 1960களின் பிற்பகுதியில் சொன்னது வேறு: அது செடியும் இல்லை கொடியும் இல்லை, காற்றடித்து இடம் மாறும் தூசி. தன் ஆசைக்கு எதிராகத் தானே எழுதிய மனிதர். தொலைக்காட்சிப் பைத்தியத்தின் இலக்கணம் இதுவானால் அந்தப் பைத்தியம் இன்னும் பலருக்குப் பிடிக்கட்டும்.

1971 நவம்பரில் மரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது கோள் முழுவதையும் தூசிப்புயல் மூடியிருந்தது. படமெடுக்க ஒன்றுமில்லை. பெரிய எரிமலைகளின் உச்சிகள் மட்டும் தூசிக்கு மேலே கரும்புள்ளிகளாகத் துருத்திக்கொண்டிருந்தன. புயல் அடங்க வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருந்த நாட்களில் வெப்பத்தை அளந்தவர்களுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. தூசி நிறைந்த மேல்காற்று சூடாக இருந்தது. அடியில் தரை வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. சூரிய ஒளியைத் தூசி மேலேயே வாங்கிக்கொண்டால் கீழே பட்டினிதான். வெள்ளியில் நடந்ததற்கு நேர் எதிர். சேகனும் போலக்கும், கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேகனிடம் மாணவராக இருந்த பிரையன் டூனும் இந்தக் கணக்கைப் பூமிக்குத் திருப்பினார்கள்: எரிமலை வெடித்தால் எவ்வளவு குளிரும்? பத்தாண்டு கழித்து வந்த அணுக்குளிர்காலத்தின் பூர்வீகம் இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1972இல் ஜார்ஜ் மல்லனோடு சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை. சூரியன் இளமையில் இன்றைவிட ஏறக்குறைய முப்பது சதவீதம் மங்கலாக இருந்தது. அப்படியானால் அன்றைய பூமி உறைந்து கிடந்திருக்க வேண்டும். பாறைகளோ அன்றும் தண்ணீர் ஓடியதைக் காட்டுகின்றன. எப்படி? காற்றில் அம்மோனியா இருந்து வெப்பத்தைப் பிடித்திருக்கும் என்றார்கள் இருவரும். விடை நிற்கவில்லை; புற ஊதா ஒளி அம்மோனியாவைச் சீக்கிரமே உடைத்துவிடும் என்று மற்றவர்கள் காட்டினார்கள். கேள்வியோ இன்றுவரை புவியியலாளர்களையும் வானியலாளர்களையும் தூங்கவிடவில்லை. அறிவியலில் ஒரு நல்ல கேள்வியை நாட்டிவிட்டுப் போவது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் தாங்கள் நாட்டிய கேள்விகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் கிட்டத்தில் பார்ப்போம். கார்னெலில் சேகனின் ஆய்வகத்தில் இந்தியாவில் பிறந்த வேதியியலாளர் பிஷுன் கரே பல ஆண்டுகள் வேலை செய்தார். வேலை இதுதான்: கண்ணாடிக் கலத்துக்குள் நைட்ரஜனும் மீத்தேனும் போன்ற வாயுக்களை அடைத்து மின்பொறி பாய்ச்சுவது, உள்ளே சுவரில் பழுப்பாக, பிசுபிசுப்பாகப் படிவதைச் சுரண்டி எடுத்து ஆராய்வது. பார்க்க அழகாக இருக்காது. இதற்கு யாரும் கேமரா கொண்டுவர மாட்டார்கள். 1979இல் இருவரும் அந்தப் பிசினுக்குத் தோலின் என்று பெயர் வைத்தார்கள். சனியின் துணைக்கோளான டைட்டனைச் சூழ்ந்திருக்கும் ஆரஞ்சு மூட்டம் இந்த வகைப் பொருள்தான் என்று வாதிட்டார்கள். அது எந்த நிற ஒளியை எவ்வளவு விழுங்கும், எவ்வளவு விலக்கும் என்று அளந்து 1984இல் அவர்கள் வெளியிட்ட அட்டவணையைக் கோள் ஆய்வாளர்கள் இன்றும் எடுத்தாளுகிறார்கள். 'காஸ்மோஸ்' வந்து நான்கு ஆண்டுக்குப் பிறகு. புகழ் வந்ததும் ஆராய்ச்சி போனது என்பவர்கள் இதை எந்தக் கணக்கில் வைக்கப்போகிறார்கள்?

எண்ணிக்கையில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைக் கேட்பதால் சொல்கிறேன். அறிவியல் எழுத்தாளர் மைக்கேல் ஷெர்மர் சேகனின் வெளியீட்டுப் பட்டியலை எடுத்துவைத்து எண்ணினார். ஆய்விதழ்க் கட்டுரைகள் ஏறக்குறைய ஐந்நூறு. சராசரி மாதத்துக்கு ஒன்று. தொடருக்குப் பிறகு அந்த வேகம் குறையவில்லை. இதற்கிடையில் கோள் ஆய்வின் முக்கிய இதழான 'இகாரஸ்' அவருடைய ஆசிரியப் பொறுப்பில் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. மற்றவர்களின் கட்டுரைகளைப் படித்துத் திருத்தி அச்சேற்றும் அந்த வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை.

இனி அணுக்குளிர்காலம். சேகன் மீதான கோபத்தில் பாதிக்கு மேல் இதனால் வந்தது. அதனால் இங்கே நின்று பேசவேண்டும்.

1983 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் டர்கோ, டூன், ஆக்கர்மன், போலக், சேகன் ஐவரும் எழுதினார்கள்: அணுப்போரில் நகரங்கள் பற்றி எரிந்தால் எழும் கரும்புகை மேல்காற்றில் தங்கி, சூரிய ஒளியை மறைத்து, கண்டங்களின் உட்பகுதியை உறையச் செய்யும். பெயர்களைப் பாருங்கள். ஐவரில் இருவர் சேகனின் மாணவர்கள். கையாண்ட கணக்கு செவ்வாய்ப் புயலிலிருந்தும் எரிமலைத் தூசியிலிருந்தும் வளர்ந்தது. நகரப் புகையின் முக்கியத்துவத்தை அதற்கு முந்தைய ஆண்டு குருட்சனும் பர்க்ஸும் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அரசியல் ஆசையில் எங்கிருந்தோ இறக்குமதி செய்த விஷயம் போல இதைச் சித்தரிப்பது அந்த ஐவரின் பல ஆண்டு உழைப்பை ஒரேயடியாக மறைப்பது.

ஆய்விதழில் வருவதற்கு முன்பே, அக்டோபர் 30 அன்று, ஞாயிறு நாளிதழ்களோடு வந்துகொண்டிருந்த 'பரேடு' இதழில் சேகன் எழுதிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. உண்மை, எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் மூடிய கூட்டம் ஒன்றில் ஏறக்குறைய நூறு விஞ்ஞானிகளிடம் ஆய்வை வைத்துக் குறைகேட்ட பிறகுதான் எழுதினார் என்பதும் உண்மை. அந்த வரிசை சரியா என்று வாதிடலாம். இன்னது நடந்தால் மனிதகுலத்துக்கே ஆபத்து என்று கணக்கு சொல்லும்போது அதைச் சந்தாதாரர்கள் மட்டும் படித்தால் போதும் என்பவர்களோடு எனக்கு ஒட்டாது. ஆனால், இத்தனை குண்டுக்கு மேல் போனால் குளிர்காலம் என்று ஓர் எல்லைக்கோட்டை அவர் அழுத்திச் சொன்னதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அந்த மாதிரிகள் அவ்வளவு துல்லியத்தைத் தாங்கக்கூடியவை அல்ல. 1986இல் தாம்சனும் ஷ்னைடரும் விரிவான மாதிரியை ஓட்டிப் பார்த்து, குளிர் அவ்வளவு கடுமையாக இராது என்றார்கள்.

குவைத்துக்கு வருவோம். 1991இல் ஈராக்கியப் படைகள் அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தன. அதற்குச் சற்று முன்பே சேகன், அப்படி நடந்தால் புகை மேலே ஏறித் தெற்காசியப் பருவமழையைக்கூடப் பாதிக்கலாம் என்று எச்சரித்திருந்தார். புகை போதிய உயரம் ஏறவில்லை. பருவமழை பிழைத்தது. சேகன் சொன்னது பொய்த்தது. இதில் மழுப்ப எதுவும் இல்லை; அவரும் மழுப்பவில்லை. 1995இல் வந்த 'பேய் பிடித்த உலகம்' என்ற நூலில் தாம் தவறிய இடங்களைச் சொல்லும்போது இதையும் அவரே எழுதிவைத்தார். மூடநம்பிக்கையைக் கண்டிக்க எழுதிய புத்தகத்தில் தன் பிழையையும் சேர்த்துக்கொண்டவரைப் பார்த்து "மாட்டிக்கொண்டார்" என்பது நாகரிகமான பேச்சு இல்லை.

குவைத் நிரூபித்தது என்ன? தரையோடு தரையாகச் சிதறி எரியும் கிணறுகளின் புகை கீழ்க்காற்றிலேயே மழையில் கழுவப்பட்டுவிடும் என்பதை. பெருநகரம் எரியும் புகை எங்கே போகும் என்பதை அது நிரூபிக்கவில்லை. 2017இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடுகள் எரிந்தபோது, சுமார் 12 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்த புகை, வெயிலில் சூடேறித் தானாகவே மேலேறி இரண்டு மாதத்தில் 23 கிலோமீட்டரைத் தொட்டது. சூடான புகை தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும் என்று அணுக்குளிர்காலக் கணக்குகள் சொன்னது கண்ணெதிரே நடந்தது. 2007இல் ரோபாக், டூன் முதலியோர் நவீனக் காலநிலை மாதிரிகளில் இந்தக் கேள்வியை மறுபடி போட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் வாசல்: இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவுக் குண்டுகள் நூறைப் போட்டுக்கொண்டால்? ஐம்பது லட்சம் டன் கரி மேலே போகும், உலகச் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் விழும், அதன் தடம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் என்று வந்தது. இதையும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள், விவாதம் நடக்கிறது. 1991லேயே மூடிப் புதைத்தாகிவிட்டது என்று சொல்வோர் கடந்த இருபதாண்டு இதழ்களைப் புரட்டவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

தூசி என்றதும் ஒரு பழைய சங்கதியையும் சொல்லவேண்டும்; விட்டால் நான் பக்தர் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். 1950களின் கடைசியில், சோவியத்துக்குப் பலம் காட்டுவதற்காக நிலவில் அணுகுண்டு வெடித்தால் என்ன என்று அமெரிக்க விமானப்படை ரகசியமாக ஆராயச் சொன்னது. நிலவில் எழும் தூசி மேகம் எப்படிப் பரவும் என்று அதற்குக் கணக்குப் போட்டவர்களில் மாணவர் சேகனும் ஒருவர். பின்னாளில் நெவாடா அணுச்சோதனைத் திடலின் வாசலில் மறியல் செய்து கைதானவரும் அவரே. புனிதராக வணங்குபவர்களுக்கு முதலாவது கசக்கும். கோமாளி என்பவர்களுக்கு இரண்டாவது புரியாது.

1992இல் தேசிய அறிவியல் கழகத்தில் நடந்ததற்கு வருவோம். சேகன் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, ஆட்சேபம் எழுந்தது, விவாதம் நடந்தது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. ஆய்வுப் பங்களிப்பு போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். இரண்டாண்டு கழித்து அதே கழகம், அறிவியலைப் பொதுநலனுக்குப் பயன்படுத்தியதற்காகத் தன் உயர்ந்த பதக்கத்தை அவருக்கு வழங்கியது. உள்ளே உட்கார இடமில்லை, வாசலில் மாலை உண்டு. எதிர்த்தவர்கள் மரினர் 2 முதல் டைட்டன் வரை எடுத்துப் படித்து, இவை போதாது என்று காட்டினார்கள் என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். அப்படி ஒரு கணக்கை இதுவரை பார்த்ததில்லை. 'கோடி கோடி' என்று நீட்டி முழக்கும் கார்சனின் கேலிதான் சேகனின் முகமாக அவர்களுக்கு நினைவிருந்தது போலும். அந்தச் சொற்றொடரைச் சேகன் தொடரில் சொல்லவே இல்லை என்பது தனி வேடிக்கை.

இனி தொலைக்காட்சிக்கே போவோம். எதிர்த்தரப்பின் பலமான இடம் அதுதான் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது அவர்களுடைய பலவீனமான இடமாகப் படுகிறது.

ஆன் டிரூயனும் ஸ்டீவன் சோட்டரும் சேகனும் எழுதிய 13 பகுதிகளில் நான்காவது, வெள்ளியைப் பற்றியது. வெள்ளி ஏன் நரகமாயிற்று என்று விளக்கிவிட்டு, நாம் கரியும் எண்ணெயும் எரித்துப் பூமியின் காற்றை எங்கே கொண்டுபோகிறோம் என்று கேட்கிறது. அதில் அவர் யாருடைய ஆராய்ச்சியை விளக்குகிறார்? தன் முனைவர் பட்ட ஆய்வை. இருபது ஆண்டு முன்பு சமன்பாடாக எழுதியதை 1980இல் வீட்டுக்கூடத்தில் கொண்டுவந்து வைக்கிறார். புவி வெப்பமாதல் என்ற பேச்சு நாளிதழ்களில் அன்றாடம் அடிபடாத காலம் அது. 1985 டிசம்பரில் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து இதே விஷயத்தைப் பாடம் போல் விளக்கினார்: இதன் பலனை அனுபவிக்கப்போவது அடுத்த தலைமுறைகள், எந்த ஒரு நாடும் தனியாகத் தீர்க்கமுடியாது என்று. சாட்சி சொன்னவர் தொலைக்காட்சிக்காரரா, வெள்ளியின் வெப்பத்தைக் கணக்கிட்டவரா? இரண்டும் ஒரே ஆள். பிரித்துப் பார்ப்பது பார்ப்பவரின் வசதி.

தொடரில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. அலெக்சாந்திரியா நூலகம் அழிந்ததையும் ஹைபேஷியா கொல்லப்பட்டதையும் ஒரே நாடகமாக முடிச்சுப் போட்டதை வரலாற்று ஆசிரியர்கள் கண்டிக்கிறார்கள். நியாயமான கண்டனம். தன் துறைக்கு வெளியே போனபோது சேகனுக்குக் கதை முந்திக்கொண்டது. தன் துறைக்குள் அப்படி நடந்தது குறைவு.

பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே நம் ஊரும் வருகிறது. பத்தாம் பகுதிக்காகச் சேகன் தமிழ்நாட்டுக்கு வந்தார். இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நின்று பிரபஞ்சத்தின் தோற்ற ஒடுக்கங்களைப் பற்றிப் பேசினார். நடராசர் வடிவத்தைக் காட்டினார். அந்தத் துண்டு இன்றும் கைபேசிதோறும் சுற்றுகிறது. கூடவே, 'நம் சாத்திரத்தில் எல்லாம் இருக்கிறது என்று நாசா விஞ்ஞானியே ஒப்புக்கொண்டார்' என்ற குறிப்பும் சுற்றுகிறது. இந்து மரபின் காலக் கணக்குகள் நவீன வானியலின் அளவுக்கு நீள்கின்றன என்று அவர் வியந்தது உண்மை. அது தற்செயலாக அமைந்தது என்றும் சேர்த்தே எழுதினார். சுற்றில் விடுபவர்கள் அந்தச் சொல்லை மட்டும் கத்தரித்துவிடுகிறார்கள். நம்மைப் பாராட்டியவரிடமிருந்து பாராட்டை எடுத்துக்கொண்டு சந்தேகத்தைத் திருப்பிக் கொடுத்தால், அவரிடம் நாம் எதையும் வாங்கவில்லை.

இதே ஊர்ப்பாசத்தில் இன்னொன்று: சேகன் தலைமையில் தயாராகி 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. வருத்தம்தான். அதற்காகத் தாராசுரத்தை வைத்து ஈடுகட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சேகனின் கட்டுரைகளில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால் 1993 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வந்ததைச் சொல்வேன். வியாழனுக்குப் புறப்பட்ட கலிலியோ விண்கலம் வேகம் பிடிப்பதற்காக 1990 டிசம்பரில் பூமியை ஒட்டிக் கடந்தது. சேகனும் நால்வரும் ஒரு விளையாட்டான கேள்வியைக் கறாராகக் கேட்டார்கள்: இந்தக் கோளைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம், இங்கே உயிர் இருக்கிறது என்று கருவிகளை மட்டும் வைத்துச் சொல்லமுடியுமா? காற்றில் மிகுந்த ஆக்சிஜன். அதனோடு சேர்ந்து நிலைக்கவே முடியாத மீத்தேன். நிலப்பரப்பில் சிவப்பு ஒளியை உறிஞ்சும், பாறைகளில் காணாத ஒரு நிறமி. இயற்கையில் அப்படி எழ வாய்ப்பில்லாத வானொலி அலைகள். இவ்வளவையும் அடுக்கிய பிறகே, மிகுந்த தயக்கத்தோடு, உயிர் இருக்கிறது என்று எழுதினார்கள். தெரிந்த விடையைத் தெரியாதது போல் பாவித்து, நம் கருவிகளையே சோதனைக்கு உட்படுத்திய கட்டுரை அது. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் காற்றில் எதைத் தேடுவது என்று இன்று திட்டமிடுபவர்கள் அந்தச் சில பக்கங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அறிவியல் கழகம் கதவைச் சாத்திய அடுத்த ஆண்டு வெளிவந்தது.

இந்தியாவிலும் இந்த வியாதி உண்டு. காஸ்மிக் கதிர் ஆய்வாளர் யஷ்பால் தூர்தர்ஷனில் குழந்தைகளின் கேள்விக்குப் பதில் சொன்னார் என்பதற்காகவே அவரை வெறும் டிவி தாத்தாவாக நினைத்தவர்கள் இருந்தார்கள். தமிழில் அறிவியல் எழுதும் பேராசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், 'பொழுதுபோக்கு' என்ற சொல் எத்தனை முறை காதில் விழுந்தது என்று. மக்களிடம் பேசத் தெரிந்தவனுக்கு வேலை தெரியாது என்பது, பேசத் தெரியாதவர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ்.

சேகன் 1996 டிசம்பர் 20 அன்று, எலும்பு மச்சை நோயோடு இரண்டாண்டு போராடிய பின், 62 வயதில் இறந்தார். 1997 மே மாதம் 'சயன்ஸ்' இதழில் அவரும் கிறிஸ்டோபர் சைபாவும் எழுதிய கட்டுரை வந்தது. மங்கிய இளம் சூரியனுக்குக் கீழே பூமி ஏன் உறையவில்லை என்ற 1972ஆம் ஆண்டுக் கேள்விக்கு, டைட்டன் மீதுள்ளதைப் போன்ற மூட்டம் அம்மோனியாவைப் புற ஊதா ஒளியிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்று அதில் புது விடை சொல்லியிருந்தார்கள்.